க்யூ சர்வர் அவரவர் லேப்டாப்பில் ஓடட்டும்

பெங்களூரில் எந்த டீமில் பேக்எண்ட் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே ஒரு யூஆர்எல்லைக் கையில் கொடுத்துவிடுவார்கள். "இதுதான் டெவ் ரேபிட்எம்க்யூ, எல்லாரும் இதைத்தான் யூஸ் பண்றோம், நீயும் இதையே கான்ஃபிக்ல போட்டுக்கோ." ரேபிட்எம்க்யூ ஒரு மெசேஜ் க்யூ சர்வர்: ஒரு புரோகிராம் அனுப்பும் மெசேஜை வரிசையில் வைத்திருந்து இன்னொரு புரோகிராமுக்குக் கொடுக்கும். அந்த யூஆர்எல்லைத் தயவுசெய்து போட்டுக்கொள்ளாதீர்கள். டேட்டாபேஸைக்கூட நாலு பேர் பகிர்ந்துகொண்டு எப்படியோ சமாளித்துவிடலாம். மெசேஜ் க்யூவைப் பகிர்ந்துகொள்ளவே முடியாது, அது அவரவர் மெஷினில் தனித்தனியாக ஓட வேண்டிய சமாசாரம்.

டேட்டாபேஸில் ஒரு ரெக்கார்டை நான் படித்தால் அது அங்கேயேதான் இருக்கும், அடுத்தவரும் படிக்கலாம். க்யூவில் ஒரு மெசேஜை நான் எடுத்து முடித்துவிட்டால் அது போயே போய்விட்டது. ஒரே க்யூவை ரெண்டு கன்சூமர் (மெசேஜை எடுத்து வேலையை முடிக்கும் புரோகிராம்) கேட்டுக்கொண்டிருந்தால் ரேபிட்எம்க்யூ முதல் மெசேஜை இவருக்கு, அடுத்ததை அவருக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுக்கும். புரொடக்‌ஷனில் நமக்கு வேண்டியதே அதுதான், வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளத்தானே பல கன்சூமர்களை வைக்கிறோம். ஆனால் டெவ் சர்வரில் இது என்ன செய்யும் என்று யாரும் யோசிப்பதில்லை.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தென்காசிப் பையன் ஒருவன், "அக்கா, நான் அனுப்புற மெசேஜ்ல பாதிதான் என் கன்சூமருக்கு வருது, மீதி எங்கேயுமே இல்ல, லாக்லயும் எரர் இல்ல" என்று வந்து நின்றான். அவன் கோடில் ஒரு பிழையும் கிடையாது. மீதிப் பாதி அதே மாடியில் ஜன்னலோரமாக உட்காரும் இன்னொருவரின் லேப்டாப்புக்குப் போய்க்கொண்டிருந்தது, அவர் பழைய கோடை ஓடவிட்டுவிட்டு மீட்டிங்குக்குப் போயிருந்தார். மேனேஜ்மென்ட் திரையில் அந்த க்யூவைத் திறந்து, கீழே கன்சூமர்ஸ் என்ற பகுதியில் ரெண்டு ஐபி முகவரிகள் இருப்பதைக் காட்டினேன். "அப்போ என் ஆர்டர்ல பாதி அவரோட லேப்டாப்லயா ப்ராசஸ் ஆச்சு?" என்றான். ஆமாம், அங்கேதான் ஆனது. அதுவும் பழைய லாஜிக்கில்.

இதற்கு மேல் இந்த ஊருக்கென்றே ஒரு காரணமும் இருக்கிறது. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை, மீதி நாள் அவுட்டர் ரிங் ரோட்டில் பஸ்ஸிலோ கேபிலோ லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு. பெல்லந்தூர் பக்கம் நல்ல மழை பிடித்தால் பிஜியில் வைஃபை போகும், விபிஎன் அறுந்து அறுந்து வரும். எழுதுகிற கோடைச் சோதித்துப் பார்க்க இதையெல்லாம் நம்பியிருக்க வேண்டியதே இல்லை, சர்வர் நம் மெஷினிலேயே ஓடினால்.

சரி, எப்படி ஓட்டுவது? ரேபிட்எம்க்யூவையே எடுத்துக்கொள்கிறேன், இங்கே நான் பார்த்த பெரும்பாலான டீம்களில் அதுதான் இருக்கிறது. அது 2007-இல் வந்தது. அது பேசும் ஏஎம்க்யூபி நெறிமுறை அதற்கும் முன்னால், 2003-இல் ஜேபி மார்கன் சேஸ் வங்கியில் ஜான் ஓஹாரா ஆரம்பித்தது. ஒவ்வொரு கம்பெனியின் மெசேஜிங் மென்பொருளும் தன் பாஷையை மட்டுமே பேசிய காலம் அது, எல்லாருக்கும் பொதுவான ஒரு பாஷை வேண்டும் என்று கிளம்பினார்கள். அந்தப் பாஷைக்கு ஒரு சர்வர் எழுதியவர்கள் தேர்ந்தெடுத்த மொழி எர்லாங். ஸ்வீடனின் எரிக்சன் கம்பெனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக 1980-களில் உருவாக்கிய மொழி. லட்சக்கணக்கான சின்னச் சின்ன ப்ராசஸ்கள், ஒன்று விழுந்தால் மற்றது பாதிக்கப்படாது, விழுந்ததை இன்னொன்று எழுப்பிவிடும். இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான மொழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் லேப்டாப்பில் நேரடியாக இன்ஸ்டால் செய்யும்போது வரும் முதல் தலைவலியும் அந்த எர்லாங்தான். ஒவ்வொரு ரேபிட்எம்க்யூ பதிப்புக்கும் குறிப்பிட்ட சில எர்லாங் பதிப்புகள்தான் ஒத்துவரும். உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பது பழசாக இருக்கும், புதுசாக ஒன்றைத் தூக்கிப் போட்டால் மற்றது ஓடாது. விண்டோஸில் எர்லாங் குக்கி என்று ரகசியக் குறியீடு உள்ள ஒரு ஃபைல் ரெண்டு இடத்தில் ரெண்டு விதமாக உட்கார்ந்துகொள்ளும், சர்வர் ஓடும், ஆனால் ரேபிட்எம்க்யூசிடிஎல் என்ற நிர்வாகக் கமாண்டை அடித்தால் அதற்குச் சர்வரோடு பேச முடியாது. மேக்கில் ஹோம்ப்ரூ இருந்தால் சுலபம்தான், அங்கேயும் ஒரு நாள் எல்லாவற்றையும் அப்டேட் செய்யும்போது சத்தமில்லாமல் பெரிய பதிப்பு மாறிவிடும். இதில் நேரத்தைப் போடாதீர்கள். டாக்கர் போதும்: சர்வரையும் அதற்கு வேண்டியதையும் ஒரே பொட்டலமாக, அதாவது இமேஜாக, இறக்கி, கன்டெய்னர் என்ற தனி டப்பாவுக்குள் ஓட்டும் கருவி அது.

டாக்கர் ஹப்பில் ரேபிட்எம்க்யூவின் அதிகாரபூர்வ இமேஜ் இருக்கிறது. பதிப்பு எண்ணுக்குப் பின்னால் ஒரு ஹைஃபன் போட்டு மேனேஜ்மென்ட் என்று முடியும் டேகை எடுங்கள், அதில்தான் பிரவுசரில் பார்க்கும் திரை இருக்கும். லேட்டஸ்ட் என்ற டேகை எடுக்காதீர்கள், புரொடக்‌ஷனில் என்ன பதிப்போ அதே பதிப்பு. 3.13-க்கும் 4.0-க்கும் நடுவில் நடத்தையே மாறியிருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன். திறக்க வேண்டிய போர்ட் ரெண்டே ரெண்டு: உங்கள் கோட் பேசுவதற்கு 5672, மேனேஜ்மென்ட் திரைக்கு 15672.

போர்ட்டைத் திறக்கும்போது ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். வெறும் 5672-ஐ 5672-க்கு மேப் செய்தால் டாக்கர் அதை மெஷினின் எல்லா நெட்வொர்க் முகவரியிலும் திறந்து வைக்கும். கோரமங்களாவில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்றால், அந்த வைஃபை தன் பயனர்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்காத பட்சத்தில், பக்கத்து மேஜைக்காரர் உங்கள் ஐபியைப் போட்டு உள்ளே வரலாம். ரேபிட்எம்க்யூவில் கெஸ்ட் என்ற யூசர் லோக்கல்ஹோஸ்டிலிருந்து, அதாவது அதே மெஷினிலிருந்து, மட்டும்தான் நுழைய முடியும் என்று படித்திருப்பீர்கள், அது உண்மைதான், ஆனால் டாக்கர் இமேஜில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டிருக்கிறார்கள். கன்டெய்னருக்கு வெளியிலிருந்து வருவது எதுவும் உள்ளே லோக்கல்ஹோஸ்டாகத் தெரியாது என்பதால் அவர்களுக்கும் வேறு வழியில்லை. ஆக கெஸ்ட், பாஸ்வேர்டும் கெஸ்ட், எவரும் வரலாம். லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறேனே என்று நிம்மதியாக இருக்காதீர்கள், டாக்கர் திறக்கும் போர்ட் அதைத் தாண்டிப் போய்விடும். போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்துவிட்டால் முடிந்தது விஷயம்.

அடுத்தது ஹோஸ்ட்நேம். இதில்தான் பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். கன்டெய்னரை அழித்து மறுபடி எழுப்பினாலும் க்யூக்கள் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒரு வால்யூமை, அதாவது கன்டெய்னர் அழிந்தாலும் அழியாத சேமிப்பிடத்தை, எடுத்து ரேபிட்எம்க்யூவின் டேட்டா ஃபோல்டரில் மாட்டுகிறோம். மறுபடி எழுப்பினால் ஒன்றுமே இல்லை, எல்லாம் காலி. வால்யூமுக்குள் எட்டிப் பார்த்தால் டேட்டா பத்திரமாக இருக்கும்! காரணம் இதுதான்: ரேபிட்எம்க்யூ தன் டேட்டாவை நோடின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு சர்வரின், பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைக்கிறது. ரேபிட் என்ற சொல், ஒரு @ குறி, அப்புறம் மெஷினின் ஹோஸ்ட்நேம், இதுதான் நோடின் பெயர். நாம் ஹோஸ்ட்நேம் கொடுக்காவிட்டால் டாக்கர் ஒவ்வொரு புதுக் கன்டெய்னருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு பெயரை வைக்கும். பெயர் மாறினால் நோட் மாறியதாக அர்த்தம், பழைய ஃபோல்டரை அது சீந்தாது, பக்கத்திலேயே புதிதாக ஒன்று தொடங்கிவிடும். நாலு தடவை அழித்து எழுப்பியிருந்தால் வால்யூமுக்குள் நாலு ஃபோல்டர் வரிசையாக இருப்பதைப் பார்க்கலாம். கன்டெய்னருக்கு நிலையான ஒரு ஹோஸ்ட்நேம் கொடுங்கள், என்ன பெயர் வேண்டுமானாலும் சரி.

யூசர்நேம், பாஸ்வேர்டை என்விரான்மென்ட் வேரியபிள் வழியாகக் கொடுக்கலாம். அவை டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்கும் முதல் தடவை மட்டும்தான் வேலை செய்யும். அப்புறம் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் புதுசு ஏறாது, பழசுதான் இருக்கும்.

வெர்ச்சுவல் ஹோஸ்ட், அதாவது விஹோஸ்ட், புராஜெக்டுக்கு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரே சர்வருக்குள் தனித்தனி உலகம் மாதிரி, ஒன்றில் இருக்கும் க்யூ மற்றதற்குத் தெரியாது. டீஃபால்ட் விஹோஸ்டின் பெயரே வெறும் சாய்கோடு என்பதால் யூஆர்எல்லில் அதை எழுதும்போது சதவீதக் குறி போட்டு 2எஃப் என்று எழுத வேண்டும். சும்மா கடைசியில் ஒரு சாய்கோடு போட்டுவிட்டால் பெயரே இல்லாத விஹோஸ்டைக் கேட்பதாக எடுத்துக்கொள்ளும் லைப்ரரிகள் உண்டு. சொந்தமாக ஒரு பெயர் வைத்த விஹோஸ்டில் இந்தத் தொல்லையே கிடையாது.

உங்கள் ஆப்பும் கன்டெய்னரில் ஓடுகிறது என்றால் கம்போஸ் ஃபைலில் (பல கன்டெய்னர்களைச் சேர்த்து எழுப்பும் டாக்கர் ஃபைல்) ரெண்டையும் சேர்த்து எழுதுவீர்கள். ஆப்பின் கான்ஃபிக்கில் லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தால் அது தன்னைத்தானே தேடும், ரேபிட்எம்க்யூ சர்வீஸுக்கு கம்போஸில் வைத்த பெயரைப் போடுங்கள். ரேபிட்எம்க்யூ எழுந்து தயாராகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், கன்டெய்னர் தொடங்கிவிட்டது என்பதும் உள்ளே சர்வர் இணைப்பை ஏற்கிறது என்பதும் வேறு வேறு. ரேபிட்எம்க்யூ டயக்னாஸ்டிக்ஸ் என்ற கருவி இமேஜுக்குள்ளேயே இருக்கிறது, போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் கமாண்ட் அதில் உண்டு, அதை ஹெல்த் செக்காகப் போட்டு, அது நலம் என்று சொன்ன பிறகே ஆப் கிளம்பட்டும்.

இப்போது 15672-ஐ பிரவுசரில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ப்பாட்டமில்லாத திரை, ஆனால் மெசேஜ் க்யூவைப் பற்றி இதில் கற்றுக்கொள்வதைப் போல எந்த கோர்ஸிலும் கற்றுக்கொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொரு க்யூவுக்கும் ரெடி, அன்ஆக்ட் என்று ரெண்டு எண்கள் காட்டும். ரெடி என்றால் யாரும் எடுக்காமல் காத்திருப்பது. அன்ஆக்ட் என்றால் கன்சூமரிடம் கொடுத்தாயிற்று, வேலை முடிந்தது என்று இன்னும் பதில் வரவில்லை. கன்சூமரில் வேண்டுமென்றே ஒரு ஸ்லீப் போட்டு நூறு மெசேஜ் அனுப்பிப் பாருங்கள். ப்ரீஃபெட்ச் எண், அதாவது ஒரு கன்சூமர் ஒரே நேரத்தில் எத்தனை மெசேஜைக் கையில் வைத்திருக்கலாம் என்ற எண், கொடுக்காமல் இருந்தால் நூறும் ஒரே அடியாக அன்ஆக்ட் பக்கம் போய்விடும், அப்போது ரெண்டாவது கன்சூமரை எழுப்பினால் அதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது, சும்மா உட்கார்ந்திருக்கும். இப்போது முதல் கன்சூமரைக் கொன்றுவிடுங்கள். முடிக்காத மெசேஜ் எல்லாம் அன்ஆக்டிலிருந்து ரெடிக்குத் திரும்பி, உடனே ரெண்டாவது கன்சூமருக்கு ஓடும், ரீடெலிவர்ட் என்ற அடையாளத்தோடு. ஒரே மெசேஜ் ரெண்டு முறை வரலாம், உங்கள் கோட் அதைத் தாங்க வேண்டும் என்று ஆயிரம் முறை கேட்டிருப்போம். இந்த எண்கள் கண்ணெதிரே இடம் மாறுவதைப் பார்த்த அன்றைக்குத்தான் அது மனசில் ஏறும். பகிர்ந்துகொண்ட டெவ் சர்வரில் இந்தப் பரீட்சையை எப்படிச் செய்வீர்கள்? எண்கள் ஊரார் மெசேஜெல்லாம் கலந்துதான் தெரியும்.

லேப்டாப்பில் மட்டும் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். கன்சூமருக்குள் பிரேக்பாயிண்ட் வைத்து மெசேஜைக் கையில் வைத்தபடியே டிபக்கரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறீர்கள். திரும்பி வந்து தொடர்ந்தால் இணைப்பு அறுந்திருக்கும். ரெண்டு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது: ஒன்று ஹார்ட்பீட், உயிரோடு இருக்கிறேன் என்று இரு பக்கமும் அனுப்பிக்கொள்ளும் சின்னச் செய்தி, சர்வர் சொல்லும் டீஃபால்ட் 60 விநாடி. டிபக்கர் எல்லா த்ரெட்டையும் நிறுத்தினால் ஹார்ட்பீட்டும் நின்றுபோகும், சர்வர் இவர் செத்துவிட்டார் என்று இணைப்பை வெட்டிவிடும். மற்றது கன்சூமர் டைம்அவுட், எடுத்த மெசேஜுக்கு 30 நிமிஷத்துக்குள் ஆக், அதாவது வேலை முடிந்தது என்ற பதில், வராவிட்டால் இணைப்புக்குள் இருக்கும் அந்தச் சேனலை மூடிவிடும். பைத்தானில் பிகா லைப்ரரியின் பிளாக்கிங் இணைப்பை வைத்திருப்பவர்கள் முதல் கடிகாரத்தை டிபக்கர் இல்லாமலேயே சந்திப்பார்கள், ஒரு மெசேஜுக்கான வேலையே நிமிஷக்கணக்கில் ஓடினால் நடுவில் ஹார்ட்பீட் அனுப்ப அதற்கு வாய்ப்பே இல்லை. இதற்காக லோக்கலில் ஹார்ட்பீட்டை அணைத்து வைக்காதீர்கள். வேலையைத் தனி த்ரெட்டுக்கு மாற்றுவதுதான் சரியான வழி, புரொடக்‌ஷனிலும் அதுதானே நடக்கப்போகிறது.

க்யூவை டிக்ளேர் செய்யும், அதாவது இப்படி ஒரு க்யூ வேண்டும் என்று கேட்கும், வரியை மாற்றினால் 406 என்ற எண்ணோடு ப்ரீகண்டிஷன் ஃபெயில்ட் என்று வந்து நிற்கும். ஏற்கெனவே டியூரபிள் (சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலும் நிலைத்திருப்பது) இல்லாமல் இருக்கும் க்யூவை டியூரபிள் என்று கேட்கிறீர்கள், ஒத்துவரவில்லை என்று அர்த்தம். இருக்கிற க்யூவின் குணத்தை மாற்ற முடியாது, அழித்துவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும். உங்கள் சொந்த சர்வரில் ஒரு க்ளிக், பொது சர்வரில் நாலு பேரிடம் அனுமதி.

பதிப்பைப் பற்றிக் கீழே வருகிறேன் என்றேனே, அது இது. புரொடக்‌ஷனில் கோரம் க்யூ (மெசேஜைப் பல நோடில் நகலெடுத்து வைக்கும் வகை) என்றால் லேப்டாப்பிலும் கோரம் க்யூவாகவே டிக்ளேர் செய்யுங்கள், ஒரே நோடில் எதற்கு என்று பழைய கிளாசிக் வகையைப் போடாதீர்கள். ஒரே நோடிலும் அது நன்றாகவே ஓடும். ப்ராசஸ் ஆகாத மெசேஜைத் திரும்பத் திரும்ப க்யூவுக்கே அனுப்பும் கோட் கிளாசிக் க்யூவில் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 4.0-இலிருந்து கோரம் க்யூவில் டீஃபால்டாகவே 20 முறை என்று ஒரு வரம்பு வந்துவிட்டது, அதைத் தாண்டினால் டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது தோற்ற மெசேஜை ஒதுக்கி அனுப்பும் இடத்துக்கு, போகும், அப்படி ஒன்றை நீங்கள் வைக்கவில்லையென்றால் மெசேஜ் தூக்கி எறியப்படும். லோக்கலில் கிளாசிக் வைத்துச் சோதித்தவருக்கு இது புரொடக்‌ஷனில் மெசேஜ் காணாமல் போகும்போதுதான் தெரியவரும்.

எக்ஸ்சேஞ்ச் (வரும் மெசேஜை க்யூக்களுக்குப் பிரித்து அனுப்புவது), க்யூ, பைண்டிங் (அந்த ரெண்டையும் இணைப்பது) எல்லாவற்றையும் ஒவ்வொருவரும் கையால் உருவாக்க வேண்டியதில்லை. ஓவர்வியூ பக்கத்தின் அடியில் எக்ஸ்போர்ட் டெஃபினிஷன்ஸ் இருக்கிறது, ஒரு ஜேசன் ஃபைல் வரும். அதை கோட் ரெப்போவிலேயே வைத்து, சர்வர் கிளம்பும்போது ஏற்றிக்கொள்ளும்படி கான்ஃபிக்கில் ஒரு வரி எழுதினால் புதிதாகச் சேர்பவருக்கு ஒரே கமாண்டில் எல்லாம் தயார். இப்படி ஏற்றினால் டீஃபால்ட் யூசர் உருவாகாது, அதனால் யூசரும் அந்த ஃபைலிலேயே இருக்க வேண்டும். இந்த ஒரு ஃபைல் எங்கள் டீமில் வந்த பிறகு விக்கிப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து க்யூ உருவாக்கும் வேலை அடியோடு நின்றுபோனது.

அப்புறம் டிஸ்க். பழைய டாக்கர் இமேஜ்களே பல ஜிபி பிடித்துக்கொள்ளும் லேப்டாப்பில் இது நிஜமாகவே நடக்கும். காலி இடம் ஒரு அளவுக்குக் கீழே போனால், டீஃபால்டாக 50 எம்பி, ரேபிட்எம்க்யூ அனுப்புபவர்களை நிறுத்திவைக்கும். எரர் கிடையாது. பப்ளிஷ் செய்யும் கோட் அப்படியே தொங்கும், கன்சூமர் பாட்டுக்கு ஓடும். நெட்வொர்க்கையும் கோடையும் சந்தேகப்பட்டு நேரத்தைக் கரைக்காமல் ஓவர்வியூ பக்கத்தில் நோடின் வரியைப் பாருங்கள், டிஸ்க் எண் சிவப்பில் இருக்கும். மெமரிக்கும் இதே மாதிரி ஒரு வரம்பு இருக்கிறது.

ரேபிட்எம்க்யூவுக்குப் பதில் காஃப்கா வைத்திருப்பவர்களுக்கும் இப்போது சாக்குச் சொல்ல இடமில்லை, 2025-இல் வந்த 4.0-இல் அதோடு கூட ஓட வேண்டியிருந்த ஜூகீப்பர் சர்வரையே எடுத்துவிட்டார்கள், ஒரே கன்டெய்னர் போதும். அமேசானின் எஸ்க்யூஎஸ் க்யூ என்றால் லேப்டாப்பில் அதைப் போலவே நடந்துகொள்ளும் லோக்கல்ஸ்டாக் அல்லது எலாஸ்டிக்எம்க்யூ.

இவ்வளவும் செய்த பிறகு, மெர்ஜ் கேட்பதற்கு முன்னால் சர்வரை வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். ஆப் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே டாக்கர் ஸ்டாப் அடித்தால் சர்வர் நாகரிகமாக 320 என்ற எண்ணோடு இணைப்பை மூடிவிட்டுப் போகும். உங்கள் லைப்ரரி மறுபடி இணைகிறதா, மறுபடி இணைந்த பிறகு கன்சூமர் திரும்பப் பதிவாகிறதா என்று பாருங்கள், இணைப்பு மட்டும் வந்து கன்சூமர் வராமல் இருக்கும் கோட் நிறைய உண்டு. ஸ்டாப்பில் பிழைத்துவிட்டால் அடுத்தது டாக்கர் பாஸ், ஓடுவதை அப்படியே நிறுத்திவைக்கும் கமாண்ட். இது வேறு ரகம், ப்ராசஸ் உறைந்துபோகும், இணைப்பு திறந்தே இருக்கும், மூடிவிட்டேன் என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை. பப்ளிஷர் கன்ஃபர்ம், அதாவது மெசேஜ் கிடைத்தது என்று சர்வர் தரும் ஒப்புதல், போடாத கோட் அப்போதும் எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்து அனுப்பிக்கொண்டே இருக்கும், பைட்டுகள் சாக்கெட் பஃபரில் போய்ச் சேர்ந்தாலே அதற்கு வெற்றிதான். ஹார்ட்பீட் நின்று ஒரு நிமிஷம் வரை ஆகும் அதற்கு விஷயம் தெரிய. அந்த ஒரு நிமிஷத்தில் உங்கள் ஏபிஐ, ஆர்டர் போட்ட வாடிக்கையாளருக்கு என்ன பதில் அனுப்புகிறது என்பதை லாகில் பார்த்துவிட்டு, அப்புறம் அன்பாஸ் செய்யுங்கள்.